பேச்சிமுத்துவின் இடது முழங்கால்

போடிநாயக்கனூர்
12-9-1984

அன்பு மாப்ளே பேச்சிமுத்துவுக்கு, மச்சான் ஒச்சப்பன் எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை நம் குத்தகை மலையில் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும்போது பாறையில் வழுக்கி உன் இடது முழங்கால் முறுக்கிக்கொண்டது. மடங்கின கால் நீட்ட வரவில்லை. ஜீப்பில் என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். நான் மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம், கால் நீண்டுவிட்டது. மறுநாள் வீங்கியது. நடந்தது இவ்வளவுதான்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. தலைக்கு முந்திக் கால் நீட்டிப் பிறந்தவன் நான், அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விடும் என்பார்கள். இருபது வருஷமாக இந்த ஊரில் சுளுக்கு என்றால் என் குதிகால்தான். காசு வாங்கினதில்லை. ஆனால் ஏலத்துக்கு வருகிற வியாபாரியெல்லாம் "அண்ணே, இடுப்புல ஒரு மிதி" என்று கடையில் குப்புறப் படுத்துத்தான் எனக்குப் பழக்கமானான். வெறுங்கையோடு வந்த எனக்கு யாவாரம் அப்படித்தான் அமைந்தது.

அந்தப் பேர் கெடக் கூடாது. அதனால் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் வழுக்கியதை மட்டும் சொல். மிதித்ததைச் சொல்லாதே. அடுத்த காய் எடுப்புக்குள் நீ மலையேறிவிடலாம். உன் அக்கா சந்திரவல்லி பருப்புப்பொடி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

ஒச்சப்பன்


மதுரை, ஆஸ்பத்திரி
17-9-1984

மச்சானுக்கு வணக்கம்.

பொடி வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற தேவாரம் ஊர்க்காரர் பாதியைத் தின்றுவிட்டார். என் பக்கம் திரும்பினால் ஏலக்காய் வாசம் அடிக்கிறதாம். "ஏப்பா, பாயாசச் சட்டிக்குள்ள விழுந்தா காலை ஒடிச்ச?" என்கிறார்.

முழங்காலுக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறதாம். அடி தாங்குவது அதுதானாம். அது கிழிந்து இடுக்கில் மாட்டியதால்தான் கால் பூட்டிக்கொண்டது. மற்ற டாக்டர்கள் அதை வெட்டி எடுத்துவிடுவார்களாம். என்னைப் பார்க்கிற டாக்டர் அதைத் தைக்கப் படித்து வந்தவர். ஓரத்தில் மட்டும் கிழிந்திருந்தால் ரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் ஒட்டும் என்கிறார்.

"விழுந்ததுக்கப்புறம் யாராச்சும் காலை இழுத்தாங்களா, உருவினாங்களா?" என்று மூன்று தரம் கேட்டார். உங்கள் சொல்லுக்காக, "இல்லை" என்றேன். "அப்ப தச்சிரலாம், பயப்படாதே" என்றார். வியாழக்கிழமை ஆபரேஷன்.

பேச்சிமுத்து


மதுரை
25-9-1984

மச்சானுக்கு,

தைக்கவில்லை. திறந்து பார்த்தால் சவ்வு நசுங்கி மூன்று துண்டாகக் கிடந்ததாம். பூராவும் எடுத்துவிட்டார். மயக்கம் தெளிந்ததும், "யாருய்யா மிதிச்சது?" என்றார். சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "மிதிக்காம வந்திருந்தா தச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

இனி மூட்டையோடு சரிவில் இறங்கக் கூடாது. செடி அடியில் குந்திக் காய் பார்க்கக் கூடாது. பத்து வருஷம் போனால் எலும்போடு எலும்பு உரசுமாம். எனக்கு வயது முப்பத்திரண்டு.

டாக்டரிடம் பொய் சொன்னது நான். அது என் தப்பு. ஆனால் மச்சான், வீங்கின காலை ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மிதித்தீர்களே, அதை ஏன் எழுதவில்லை? "கத்துறான், விடுங்க" என்று அக்கா உங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். "பாதிச் சுளுக்கு இன்னும் உள்ள நிக்கிது, நீ சும்மா கெட" என்று அவளிடம் சொன்னீர்கள். நான் கத்தினது எனக்கே இன்னும் கேட்கிறது.

மலையை நீங்களே பாருங்கள். அக்கா எப்போதும்போல ராசிங்காபுரத்தில் என் வீட்டுக்கு வரட்டும், போகட்டும். உங்கள் கால் என் வாசற்படியைத் தாண்டக் கூடாது. சம்மதமா, இல்லையா என்று எழுதுங்கள்.

பேச்சிமுத்து


போடிநாயக்கனூர்
1-10-1984

மாப்ளே,

இரண்டாம் மிதியை எழுதாமல் விட்டது மறதியில் இல்லை. முதல் மிதியிலேயே கால் நீண்டுவிட்டது. வீக்கத்தைப் பார்த்ததும் என் பேர் போய்விடுமே என்றுதான் மறுபடி மிதித்தேன். உன் அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், போய்விடுகிறாள்.

நேற்று பக்கத்துத் தெருக் கருத்தம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மிதிக்க மாட்டேன் என்றேன். "ஏண்ணே, இன்னைக்கு நாள் சரியில்லையா?" என்றாள். "இந்தக் காலு என் மச்சினனை நொண்டியாக்கிருச்சு ஆத்தா, மதுரைக்குப் போ" என்றேன். ஏலத்துக்கு வந்த நாலைந்து பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் எழுந்து போனார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். குத்தகை உன் பேரிலேயே இருக்கும். மலையேறுவது நான். விளைச்சலில் பாதி முன்போல உனக்கு. ஒவ்வொரு எடுப்புக்கும் காய் உலர்ந்ததும் ஜீப்பில் வரும். மூட்டையை ஆள் இறக்குவான். நான் வண்டியைவிட்டு இறங்க மாட்டேன். வாசற்படிக்குச் சம்மதம்.

ஒச்சப்பன்