பாடு வராத நாள்

நைனாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தோஹாவில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று கம்பெனியில் வளங்குன்றா வளர்ச்சி பற்றி வகுப்பு. நம் ஏரியில் பாடு என்று முறை வைத்திருக்கிறோம், பாடு வந்தவர்கள் மட்டுமே அன்றைக்கு வலை போடுவார்கள் என்று சொன்னேன்.

"மத்தவங்க சும்மாவா இருப்பாங்க? அப்புறம் எப்படிங்க முன்னேறுறது?" என்றார் கோயம்புத்தூர்க்கார மேலாளர்.

"எங்க முறை வர்றதுக்குள்ள இறால் வளந்துடும் சார். நாங்க கரையில சிரிச்சிக்கினு இருப்போம்."

அறைக்குத் திரும்பியதும் என்மேலேயே எரிச்சல் வந்தது. "படிச்சிட்டு வெளிநாடு போனவனுக்கு ஏரி இன்னாத்துக்கு?" என்று பாடு பிரிக்கும்போது வரிசையிலிருந்து என் பெயரை நீக்கிய வரதன் மாமாவுக்காக அல்லவா வாதாடியிருக்கிறேன்! அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் இங்கே விடுமுறை நாளில் சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

அடுத்த பாடு பிரிக்கும்போது என் பெயரைச் சேர்ப்பாரா என்று அவரைக் கேளுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

பூவரசன்