வயது கடந்த வழக்கு

அன்பு மகளுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் அம்மாவின் நியாயத்தைக் கேட்டே வளர்ந்துவிட்டாய். என் நியாயத்தை நீ கேட்டதே இல்லை.

எங்கள் சட்ட நூலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் நூலகராக வந்திருக்கிறாள். வந்த வாரமே என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"படிச்ச புத்தகத்தை நீங்களே அலமாரியில வைக்காதீங்க சார். மேசையில விட்டாத்தான் யாரோ படிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். யாருமே தொடறதில்லன்னு இந்த வரிசையையே கழிச்சுக்கட்ட இருந்தேன்."

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளின் தீர்ப்புகள் அவை. கோர்ட் உன்னை அம்மாவிடம் கொடுத்த நாளிலிருந்து, எனக்குச் சாதகமாக ஒரு வரியாவது கிடைக்காதா என்று அவற்றைத்தான் புரட்டுகிறேன்.

நேற்று நூலகர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரோட கேஸ் சார்?"

"என் பொண்ணோடது."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

சிரித்துவிட்டாள். "வக்கீலுக்கு நான் சொல்லணுமா? பதினெட்டோட இதெல்லாம் முடிஞ்சுபோச்சே. நேரா போய்ப் பாருங்க சார், யாரு தடுக்கப் போறா?"

எனக்குத் தெரியாததா? அந்தப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவரை, உன்னைத் தடுப்பது சட்டம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது நீதான் வரவில்லை என்று ஆகிவிட்டது.

உன் அம்மாவை நான் மன்னிக்கப்போவதில்லை. உன்மேல் கோபப்படத்தான் தெம்பில்லை.

கீழே 'அப்பா' என்று எழுதினால் பதில் கேட்பதுபோல் ஆகிவிடும். பதில் வராவிட்டால் அதையும் தாங்க வேண்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.