சாங்க்ட் லாரென்ட்டும் வெங்கட்ராமனும்

செப்டம்பர் 9, செவ்வாய்

எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா பேப்பர் பாதிகூடத் திருத்தவில்லை. இவர் ஆபீஸிலிருந்து ஒரு கறுப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒயின். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் வருடப் பிறப்புக்கு ஒரு பியர் என்று வாழ்ந்த வெங்கட்ராமன்!

"இது சாதாரண ஒயின் இல்ல நீலா. சாங்க்ட் லாரென்ட். ஆஸ்திரியாவுலயே நிறையப் பேருக்குத் தெரியாத திராட்சை."

"அங்கேயே தெரியாதுன்னா நமக்கெதுக்கு?"

சொல்லிவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் ஏதோ சொல்ல வந்து, பிறகு அவரும் சிரித்தார். விஷயம் எனக்குப் புரியாதா? இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இவருடைய மேனேஜர் க்ளெமென்ஸ் ஆஸ்திரியாக்காரர். அவருக்கு ஐஸ் வைக்க இவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

பாட்டிலைத் திறந்தார். இங்க் புட்டியைக் கவிழ்த்தது போல ஒரு நிறம். கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார்.

"காட்டுத் தரையோட வாசனை வருது."

எந்தக் காடு? வளைகுடாவுக்கு வந்து பதினெட்டு வருடமாக இந்த அல் நஹ்தாவில் ஏழாவது மாடியில் இருக்கிறார். அதற்கு முன்னால் திருச்சி தில்லை நகர். மனுஷர் பார்த்த காடு எது?

நானும் ஒரு வாய் குடித்தேன். சூடாக, புளிப்பாக, ஊறுகாய் ஜாடியைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. முகத்தைச் சுளித்தேன். இவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே யூடியூபில் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார். பைத்தியம்தான்.

செப்டம்பர் 27, சனி

இன்றைய பிரசங்கம் சாப்பாட்டு மேஜையில். இந்தத் திராட்சைக்கு ஒரு புனிதர் பெயராம். ஆகஸ்ட் பத்து அவருடைய திருநாள். அந்தச் சமயத்தில்தான் காய் நிறம் மாறத் தொடங்குமாம். சீக்கிரமே துளிர் விடுமாம், அதனால் பனியில் கருகுமாம். பூக்கிற நேரத்தில் குளிரோ மழையோ வந்தால் பூ கொட்டிவிடுமாம். விளைச்சல் எப்போதும் சந்தேகம்தானாம்.

"இவ்ளோ வம்பு பண்ற செடிய ஏன் வளர்க்கணும்?"

"நல்லா வந்தா ரொம்ப நல்லா வருமாம்."

என் நாத்தனாரைப் பற்றியும் மாமியார் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 4, சனி

மெல்போர்னிலிருந்து பிருந்தா கூப்பிட்டாள். பெண்ணிடமும் ஆரம்பித்துவிட்டார். இந்தத் திராட்சையை இன்னொன்றோடு கலந்து ஸ்வைகெல்ட் என்று ஒன்றை உருவாக்கினார்களாம். ஆஸ்திரியாவில் இன்றைக்கு அதிகம் பயிராகும் சிவப்புத் திராட்சை அதுதானாம். பெற்றதை யாருக்கும் தெரியாது, பிள்ளைக்கு ஊரெல்லாம் பேர். "Dad, you're obsessed" என்று பிருந்தா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே மட்டும்.

இவர் ஜிம்முக்குப் போயிருந்தார். ஃபிரிட்ஜில் அரை பாட்டில் இருந்தது. கத்தரிக்காய் வதக்கல் செய்திருந்தேன், நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளம். சும்மா ஊற்றிப் பார்த்தேன். குளிர்ந்தபின் அது வேறு ஆளாக இருக்கிறது. புளிப்பு எண்ணெயை அறுத்துக்கொண்டு போகிறது. அதன் பின்னால் நாவல்பழம்.

சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஸ்கூலுக்கு லீவு போட்டேன். க்ளெமென்ஸ் வீட்டில் அடுத்த மாதம் முதல் தேதி விருந்தாம், என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். வெங்கட்ராமனின் அரங்கேற்றம்!

நவம்பர் 1, சனி

மிர்டிஃபில் க்ளெமென்ஸின் வில்லா. கையில் பாட்டிலோடு போனோம். முதல் அடியே சறுக்கல்: க்ளெமென்ஸ் மது தொடுவதில்லை. ஆப்பிள் ஜூஸ். இரண்டாவது சறுக்கல் அவர் மனைவி ஈவா. அவள் அப்பா வியன்னாவுக்குத் தெற்கே இதே திராட்சையைப் பயிரிட்டவராம். இவர் பாட்டிலை மேஜையில் வைத்ததும் பாம்பைப் பார்த்தது போலப் பார்த்தாள்.

"என் சின்ன வயசையே தின்ன திராட்சை இது. பூக்குற வாரம் முழுக்க வீட்டுல யாரும் பேச மாட்டாங்க. மழை பெய்ஞ்சா அப்பா சாப்பிட மாட்டார். கடைசில எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஸ்வைகெல்ட் வெச்சார்" என்றாள்.

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. இவர் மட்டும் அசராமல் காட்டுத் தரைப் பேச்சை எடுத்துவிட்டார். மண், மழை, கறுப்புச் செர்ரி. ஈவா என்னிடம் கேட்டாள், "உங்களுக்கு இது பிடிக்குமா?"

"இதுவும் என் வீட்டுக்காரரும் ஒண்ணுதான். பாடு நிறைய, விளைச்சல் கம்மி" என்றேன் ஆங்கிலத்தில்.

மேஜையே சிரித்தது. இவரும் சிரித்தார். கிளாஸைச் சுழற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது ஈவா சொன்னாள்: "உங்க வீட்டுக்காரருக்கு நல்ல மனசு. இந்த நிலைமையிலயும் எப்படிப் பேசுறார்! க்ளெமென்ஸுக்குத் தூக்கமே இல்ல. மாசக் கடைசியில டிபார்ட்மென்ட்டையே மூடுறாங்க. நாங்க வியன்னாவுக்குத் திரும்புறோம். நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"பார்க்கணும்" என்றேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி. கையிலிருந்த தட்டைக் கீழே போடாமல் சிங்க்கில் வைத்தேன். அது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஆகஸ்ட் கடைசிலேருந்து."

"அப்புறம் இந்தக் கூத்தெல்லாம் யாருக்கு? க்ளெமென்ஸுக்கு ஐஸ் வெக்கவா? அவரே மூட்டை கட்டுறாராம்!"

"அவருக்காக இல்ல நீலா. ஆபீஸ்ல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். இதப் படிக்கறப்ப வேற எதுவும் ஞாபகம் வரல. அதான்."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் அன்னிக்கு அந்த பாட்டில வாங்கிட்டு வந்தேன். நீ சிரிச்ச. நீ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. சரி, இன்னிக்கு வேணாம்னு விட்டுட்டேன். அப்புறம் தினமும் சிரிச்ச."

நவம்பர் 3, திங்கள்

ஹோம்வொர்க் செய்யாத பிள்ளையை வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவேன் என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை பெருமை! பக்கத்துல படுத்திருக்கிற மனுஷனுக்கு வேலை போச்சு, எனக்குத் தெரியல. ரெண்டு மாசமா தெரியல. வாயை மட்டும் நல்லா வளர்த்து வெச்சிருக்கேன் — பாடு நிறைய விளைச்சல் கம்மியாம்! பெரிய புத்திசாலி! தூ.

நவம்பர் 15, சனி

வேலை போனால் இவருடைய விசாவும் போய்விடும்; யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான். டீச்சருக்குச் சம்பளம் போதுமானதாக இருந்தால் கணவனுக்கு ஸ்பான்சர் ஆகலாம் என்று ஸ்கூலில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. சொன்னார். ஆனால் ஸ்கூல் ஷார்ஜா முவைலாவில். என்னுடையது ஷார்ஜா விசா. வீட்டு ஒப்பந்தமும் ஷார்ஜாவில் இருந்தால்தான் சிக்கல் இல்லையாம். எங்கள் பக்கத்துச் சாலைதான் எமிரேட் எல்லை; அதற்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். வாடகை குறைவு. ஆனால் அங்கே மது அறவே கிடையாது, வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

சொன்னேன். "சரி" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

கடைசி வேலை நாள் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. நண்பர்கள் ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். நேரம்தான் இப்போது இவரிடம் நிறைய இருக்கிறது. என்ன மூளையோ!

டிசம்பர் 6, சனி

ஈவா வந்தாள். நாளை மறுநாள் விமானம். துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தாள். "அப்பா செடிகளைப் பிடுங்குறதுக்கு முன்னாடி போட்ட கடைசி ஒயின். எனக்குக் குடிக்கவும் பிடிக்கல, கொட்டவும் மனசு வரல." லிஃப்ட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கட்டிக்கொண்டாள். நாங்கள் சந்தித்தது மொத்தமே இரண்டு தடவை.

டிசம்பர் 13, சனி

நாளை வீடு மாற்றம். பாட்டிலைச் சாலை தாண்டிக் கொண்டுபோக முடியாது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தோம். கிளாஸ்கள் கட்டியாகிவிட்டதால் எவர்சில்வர் டம்ளர்.

முதலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல ஒரு வாடை. நான் மூக்கைச் சுளித்தேன். "கொஞ்சம் பொறு" என்றார். பொறுத்தோம். பெட்டிகளுக்கு டேப் ஒட்டினோம். பிறகு முகர்ந்தேன்.

இவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "நீ சொல்லு" என்றார்.

"காடெல்லாம் தெரியாது. புளிப்பு முன்னாடி வருது, ஆனா குத்தல. முழுங்கினதுக்கு அப்புறம்தான் பழம் வருது. லேசா மிளகு. கொஞ்ச நேரம் நாக்குல நின்னுட்டுத்தான் போகுது."

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ருசி சொல்லக் கிளம்பிவிட்டேன், கேவலம். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜனவரி 15, வியாழன்

ஸ்கூல் முடிந்து ரோலாவில் விசா மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டர். கௌண்டரில் அஸ்கர் அலி என்று ஒரு மலையாளி, வருடக்கணக்கில் குடும்ப விசா அடித்துப் பழகிய கை. பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கியதும் இவரைப் பார்த்தே தட்ட ஆரம்பித்தார்.

"சார், ஸ்பான்சர் நிங்கள்தானே?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, ஸ்பான்சருக்கான அரபிச் சொல்லையே போட்டு, "இல்ல பாய். இவங்கதான் என் கஃபீல்" என்றார்.

வெளியே பஸ் இரைச்சல். "கஃபீல் மேடம், டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். குடித்தோம். கல்லாவில் இவர் கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போனது. தட்டிவிட்டு நான் கொடுத்தேன்.