குறுக்கே கிடந்த மணிகள்

புந்தோங், ஈப்போ
14 ஜூலை

அன்புள்ள அண்ணிக்கு,

ஷர்மினி வணக்கத்துடன் எழுதுவது. ஜொகூரில் நீங்களும் உங்கள் அக்கா வீட்டாரும் நலம்தானே? போனில் கூப்பிட்டால் "பரவால்லலா, விடு" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தனுஷ்யாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. உங்கள் கறிவேப்பிலைச் செடி மதில் உயரம் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறுபடியும் முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. கிளினிக்கில் ஊசி போட்டதும் தணிந்தது. நீங்கள் போனதிலிருந்து எட்டு மாதமாக வீட்டுக்குள் ஒரு கடலைகூட வரவில்லை. அன்று அவள் சாப்பிட்டது நான் சோற்றை வறுத்துச் செய்த நாசி கோரெங்.

என் ஆய்வுக்கூட வேலையை நீங்கள் மணி கோக்கிற வேலை என்று கேலி செய்வீர்கள். கோப்பதில்லை, நேராகப் படுக்க வைப்பதுதான். முடியை நறுக்கிப் போட்டாற்போல் பொடிப்பொடி மணிகள். கடைச் சாமான்களில் விலை படிக்க இருப்பதுபோல ஒவ்வொன்றிலும் கோடுகள். ஒருவகைக் கோடு கடலைக்கு, ஒருவகை இறாலுக்கு, ஒருவகை முட்டைக்கு. ரத்தத்தில் ஊறவைத்தால் உடம்புக்கு ஒவ்வாததன் மணி மட்டும் மினுங்கும். அவற்றைப் பள்ளம் பள்ளமாக வெட்டிய தட்டில் ஊற்றி, வரிசையில் படியும்வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணிகள் குறுக்கே ஏறிக் கிடந்தால், இயந்திரம் இதில் பாதி அதில் பாதி படித்து வேறொன்றைச் சொல்லிவிடும். அப்போது திரையில் எச்சரிக்கை வரும். மறுபடி தட்டிப் படிக்க வைக்க வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன் தனுஷ்யாவின் ரத்தத்தைப் பார்த்த அன்றும் எச்சரிக்கை வந்தது, அண்ணி. சொந்தப் பிள்ளையின் ரத்தத்தை நானே பரிசோதித்ததே தப்பு. திரையில் கடலை என்று கண்டதும் நான் மறுபடி தட்டவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. கடலை என்று வரட்டும் என்று காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இறந்தபின் நீங்கள் எங்களோடு வந்து இருந்தீர்கள். என் மகள் விழுந்தாலும் பசித்தாலும் உங்களைத்தான் தேடினாள். எனக்குப் பொறாமை.

அந்தத் தாளை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்து, உங்கள் கடலைச் சட்னிதான் காரணம் என்றேன். "அந்தச் சட்னிய நாலு வருசமா தின்றாளேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். மறுநாள் அமான் ஜெயா பஸ் நிலையத்தில் பஸ் ஏறினீர்கள். வழியனுப்பக்கூட நான் வரவில்லை.

இந்த முறை, கூட வேலை செய்யும் நைஜலைப் பரிசோதிக்கச் சொன்னேன். கடலை இல்லை, இறால். வீட்டில் இறால் வாங்குவதே கிடையாதே என்றேன். "பிளச்சான் எதுல செய்றாங்கக்கா?" என்று கேட்டான். நம் வீட்டில் பிளச்சான் விழுதை யார் இறால் என்று நினைத்தோம்? உப்பு புளி மாதிரி அதுவும் ஒரு சாமான். செவ்வாய்க்கிழமை நாசி கோரெங்கிலும் அதைக் கிள்ளிப் போட்டிருந்தேன். முதல்முறை அவள் வீங்கிய அன்று, காரம் பழகட்டும் என்று மிளகாயோடு இடித்த சம்பல் பிளச்சானைச் சோற்றில் பிசைந்து ஊட்டியது நான்தான்.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன், விசாரணை இருக்கிறது. என் வீட்டுக்காரரிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன்.

தாங்க முடியாதது ஒன்று. நேற்று கடலைச் சட்னி அரைத்தேன். தனுஷ்யா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இது அத்தை செஞ்சதா?" என்று கேட்டாள். கண்ணில் பயம். அத்தை கொடுத்ததைத் தொடாதே என்று அன்று சொல்லி வைத்தவள் நான். இப்போது அத்தை மேல் தப்பில்லை என்று நூறு தடவை சொல்லியும் அவள் நம்பவில்லை.

சனிக்கிழமை நான் ஜொகூருக்கு வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம், அண்ணி. என்னோடு பேசவும் வேண்டாம். வந்து அவளுக்கு உங்கள் கையால் ஒரு வாய் ஊட்டிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
ஷர்மினி