விருந்தாளியைக் கேட்க வேண்டியது யார்

1999 ஆகஸ்ட் 8, ஞாயிறு
மலையில் விடாத மழை. லீவில் வந்தும் ஆபீஸ் வேலை. பெங்களூர் ஆபீசுக்கு வெள்ளிக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

சர்ச்சில் பூசை முடிவில், யாருக்கு யாரோடு கல்யாணம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். என் பெயர்! கூடவே சேலத்து மாப்பிள்ளை பெயர். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். நான் சம்மதம் சொல்லவில்லை. பெஞ்சில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, சிரித்து வைத்தேன்.

வீட்டில் அம்மா: “ஏனுங்க, புள்ளகிட்ட நீங்க கேக்கலீங்களா?”
அப்பா: “நீ கேட்டிருப்பேன்னுதான ஓலைக்குப் பேரு குடுத்தேன்!”

ஆக. 9
கரண்ட் இல்லை. “அதென்ன கண்ணு, நொம்ப நேரமா காயிதத்தையே பாக்கற?” அம்மா.

சொன்னேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றைக் குடிவைக்கிறோம். உள்ளே இருப்பது விருந்தாளி. மொத்த இடமும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும். இடம் போதாதபோது வெளியே இருந்து நடத்தும் மேற்பார்வை நிரல் விருந்தாளியின் நினைவகத்தில் கொஞ்சம் பிடுங்கும். எவ்வளவு இடம் குறைகிறது என்பது மேற்பார்வைக்குத்தான் தெரியும்; எது தேவை, எது சும்மா கிடக்கிறது என்பது விருந்தாளிக்குத்தான் தெரியும். அது பார்த்துக்கொள்ளும் என்று இது, இது பார்த்துக்கொள்ளும் என்று அது. வேண்டியது போய்விடுகிறது. விருந்தாளி அப்படியே விழுந்துவிடும். பொறுப்பை யாரிடம் விடுவது? வெள்ளிக்குள் சொல்ல வேண்டியது இதுதான்.

“ஊட்டுக்காரன் எடுத்துக்கட்டும். விருந்தாளிக்கு என்ன கேள்வி?” சிரித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஆக. 11
ஆபீசில் எல்லோரும் அம்மா கட்சி. பொறுப்பு முழுக்க மேற்பார்வைக்கே. எழுதுவது சுலபம். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இன்று அதைக் கோடு போட்டு அடித்தேன்.

அப்பா என்னிடம்: “ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓலை. இப்ப நிறுத்துனா வெளிய தலகாட்ட முடியுமா, சாமி?”
கதவைச் சாத்தினால் ஈரத்தில் மூச்சு முட்டுகிறது. திறந்தால் மலைப்பனி உள்ளே வருகிறது.

ஆக. 13
எஸ்.டி.டி. பூத். மேனேஜரிடம் சொன்னேன்: எவ்வளவு இடம் வேண்டும் என்று மேற்பார்வை கேட்கட்டும். எதை விடுவது என்று விருந்தாளிதான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் தெரியும்.
“பதிலே வரலேன்னா?”
“காத்திருக்கணும் சார். சும்மா இருந்தா சரின்னு எடுத்துக்கக் கூடாது.”
“மெஷின் மெதுவாயிடுமேம்மா.”
“ஆகட்டும் சார்.”
“சரி, எழுதி அனுப்பு.”

வெளியே வந்து அதையே மறுபடி சொல்லிப் பார்த்தேன்: சும்மா இருந்தா சரின்னு எடுத்துக்கக் கூடாது. மெஷினுக்காக இல்லை.

ஆக. 14, சனி
பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார். குடையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னுதாம்மா ஓலை வாசிக்கறது. யாரும் ஒண்ணும் சொல்லலியே?”
“என்னைய யாரும் கேக்கலீங்க, ஃபாதர்.”
கண்ணாடியைக் கழற்றினார். “சரி, நான் கேக்கறேன். சம்மதமா?”
வாசலில் அப்பாவின் குடையைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.
“இல்லீங்க.”
நாளைக்கு இந்த ஓலை இல்லை என்றார்.

வீட்டில் அம்மாவும் அப்பாவும் படுத்துவிட்டார்கள். எனக்குச் சோறு மட்டும் மூடி வைத்திருக்கிறது.