திறந்தே கிடந்த மைக்

12 ஆகஸ்ட் 2006, சனி. புதுப்பட்டினம்.



இணையத்தில் விமானக் கட்டுப்பாட்டு விளையாட்டில் சேர்ந்து, இன்றுதான் முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்தேன். விமானங்களை ஏற்றி இறக்கும் சென்னை டவர் நான். ஐந்து பேர் அவரவர் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பேசும்போது மட்டும் மைக்கைத் திறக்க கன்ட்ரோல் கீயை அழுத்த வேண்டும். பயத்தில் விரலை எடுக்கவே மறந்துவிட்டேன். காதில் ஹெட்போன் இருந்ததால் பின்னால் அம்மாவும் அப்பாவும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. விமானங்களுக்குக் கேட்டிருக்கிறது.

மதுரையிலிருந்து இறங்க வந்தவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மேடம், உங்க மைக் ஆன்லயே இருக்கு. அப்புறம்... ஆவணியில நிச்சயதார்த்தமா? வாழ்த்துகள்."

"யாருக்கு?" என்றேன்.

"உங்களுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டுல சரின்னு சொல்லியாச்சாம். ஆடி முடியட்டும், அப்புறம் உங்ககிட்ட சொல்லிக்கலாம்னு பேசிக்கிட்டாங்க."

அவனை ஒழுங்காகத் தரையிறக்கினேன். எப்படி என்று தெரியவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன்.

"எனக்கு மாப்ள பாத்து முடிச்சிட்டீங்களாமே?"

அப்பா பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மாவுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி சொல்ற? யார்டி சொன்னா உனுக்கு?"

மதுரை விமானம் சொன்னது என்று எப்படிச் சொல்வேன்? என் கல்யாணம் எனக்கு முன்னால் ஐந்து விமானங்களுக்குத் தெரிந்திருக்கிறது.