மெஷினில் நீட்டிய கை

மருதமுனை

அன்பு மகன் அப்ராஸுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ கட்டாரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம்தான், உம்மாவின் பிரஷரைத் தவிர, அதுவும் இப்போது குளிசையில் இறங்கி வருகிறது. போனில் கதைத்தால் உம்மா பக்கத்தில் நின்று கேட்பார், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து வரும் அஸ்கியின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பிரஷர் மெஷின் நல்ல சாமான்தான். கையில் சுற்றினால் அளவு உன் போனுக்கு வந்துவிடுகிறது, ஆனால் யார் கையைச் சுற்றினாலும் என் பெயரில்தான் வரும் என்பதை நானும் யோசிக்கவில்லை, நீயும் சொல்லவில்லை. சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து என்னோடு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெஷினை மட்டும் ஒளித்துவைக்க முடியுமா. பக்கத்து வளவு ஜவுபர் கையை நீட்டினார், பெரியநீலாவணையிலிருந்து மீன் கொண்டுவரும் குணமும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நீட்டினார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீ அழாத குறையாகப் போன் எடுத்து, அளவு இருநூறைத் தாண்டிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க வாப்பா என்றாய். எனக்கு ஒரு தலையிடிகூட இல்லை. ஆனாலும் போனேன். கிளினிக்கில் இப்போது வருத்தத்தை எழுதிவைக்கும் கொப்பி இல்லை, அட்டையைக் காட்டினால் என் பழைய சோதனையெல்லாம் கொம்பியூட்டரில் வருகிறது, நெட் லைன் விழுந்தால் மட்டும் எல்லோரும் விசிறிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நீ போனில் அனுப்பிய அளவுகளைப் பார்த்த டொக்டர் எனக்குக் குளிசையைக் கூட்டப் போனார், எதற்கும் என்று தன் மெஷினில் ஒருமுறை பார்த்தார், சரியாக இருந்தது. வீட்டு மெஷினில் வேறு ஆட்களும் பார்க்கிறவர்களா என்று கேட்டார், ஓம், தெருவில் பாதிப் பேர் பார்ப்பார்கள் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு, குளிசையைக் கூட்டியிருந்தால் நீங்கள் மயங்கி விழுந்திருப்பீர்கள், அந்த அளவுக்கு உரியவர் மருந்தில்லாமல் திரிகிறார், ஆளைத் தேடிப் பிடியுங்கள் என்றார்.

ஜவுபரைக் கூட்டிவந்து பார்த்தோம், குற்றமில்லை. மீன்காரர் குணத்துக்கும் அளவு நல்லது. அடுத்த ஆளைத் தேடிப் போகச் செருப்பை மாட்டும்போது உம்மா குசினிக்குள் இருந்து, வெயிலுக்குள்ள அலயாதீங்க, அது என்ட கைதான் என்றார். எல்லோரும் போன பிறகு கோப்பை எடுக்க வந்தவர் சும்மா சுற்றிப் பார்த்தாராம். ஒரு மாதமாகத் தலைச்சுற்று இருந்ததாம், வெயில் என்று நினைத்தாராம். வந்தவர் போனவர் எல்லோரையும் பிடித்து இருத்திப் பார்த்த நான், தேத்தண்ணி ஊற்றிய ஆளை ஒருநாளும் வா என்று கூப்பிடவில்லை. மனம் விட்டுப்போச்சு மகன்.

அன்றே கூட்டிப்போய்க் காட்டினேன். உன் தங்கச்சி றுஸ்தா மெஷினில் உம்மாவுக்குத் தனியாகப் பெயர் போட்டுக் கொடுத்தாள். இனி அவரவர் அளவு அவரவர் பெயரில் வரும். ஆனால் உம்மாவின் அளவு ஒழுங்காக வந்தால் நீ எங்களுக்குப் போன் எடுப்பதில்லை, வராத நாளில் பதறிக்கொண்டு எடுக்கிறாய். உம்மாவுக்கு இது விளங்கிவிட்டது. முந்தாநாளும் நேற்றும் மெஷினைத் தொடவே இல்லை. கேட்டால் மறந்துபோச்சு என்கிறார், நீ எடுத்தபோது அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அஸ்கியிடம் தந்த கருவாட்டில் றூமில் இருப்பவர்களுக்கும் கொடு. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத்தைத் தருவான். இதை எழுதியது உம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அளவு வருகிற நாளிலும் ஒருக்கா எடுத்துக் கதை மகன், அப்போதுதான் அவர் கையை நீட்டுவார்.

உன் வாப்பா,
மீராமுகைதீன்